மொட்டைமாடியில் வளர்த்த தூசி

கல்லூரிக்குப் புதிதாக இணையதளம் வந்தபோது, ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மூன்று பத்தி எழுதித் தரவேண்டும் என்று டீன் உத்தரவு போட்டார். பின்னணி, ஆராய்ச்சி, கற்பித்தலில் ஆர்வம். மற்றவர்கள் மளமளவென்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் நடுப்பத்தியில் மாட்டிக்கொண்டேன். என் ஆராய்ச்சி தூசியைப் பற்றியது. தூசி என்று எழுதினால் சிரிப்பார்கள். 'உயர்வெப்பச் சூழலில் வெப்பப் பரிமாற்றிகளின் செயல்திறன் இழப்பு' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. கடைசியில் புரியாததையே எழுதிக் கொடுத்தேன். டீன் படித்துவிட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். புரியாததற்கு இருக்கிற மரியாதை தூசிக்கு எங்கே இருக்கிறது?

முதல் பத்தி சுலபம்தான். மெக்கானிக்கல் படித்தேன். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தேன். பிறகு வெப்பவியலில் மேல்படிப்பு. அப்புறம் நாமக்கல் பக்கம் சோளக்காட்டுக்கு நடுவே புதிதாக முளைத்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். அங்கே கோடை விடுமுறை என்றால், விரிவுரையாளர்கள் ஊர் ஊராகப் போய் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்டி அட்மிஷன் பிடித்து வரவேண்டும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி தெரிந்தவன், வீட்டு வாசலில் நின்று, 'ஹாஸ்டல்ல சாப்பாடு நல்லா இருக்கும்மா' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஷார்ஜாவிலிருந்து ஒரு கல்லூரி கூப்பிட்டதும் மறுபேச்சு இல்லாமல் விமானம் ஏறினேன். மனைவியும் மகளும் ஆறு மாதத்தில் வந்து சேர்ந்தார்கள். ரோலாவில், பேருந்து இரைச்சல் ஓயாத ஒரு தெருவில், பழைய கட்டடம் ஒன்றில் எங்களுக்கு வீடு.

மூன்றாவது பத்தியைப் பற்றிச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கும். நான் கற்பித்தது வெப்பப் பரிமாற்றம். பாடப்புத்தகம் குளிர் தேசத்துக்காரர்கள் எழுதியது. அதில் எந்தக் கணக்கை எடுத்தாலும் வெளியே பனி பெய்துகொண்டிருக்கும், உள்ளே ஒரு குடும்பம் கணப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும், சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் வெளியே போகிறது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். நான் இந்தக் கணக்கை நடத்தும்போது ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தின் தார் உருகிக்கொண்டிருக்கும்.

மாணவர்கள் பாதிப்பேர் இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள். ஒருநாள், "இப்போ வெளியே என்ன வெப்பநிலை இருக்கும், தோராயமா சொல்லுங்க" என்று கேட்டேன். ஜூன் மாத நடுப்பகல். முன்வரிசையிலிருந்து ஒருத்தன், "ட்வென்ட்டி டூ, சார்" என்றான். கேலி செய்கிறானோ என்று பார்த்தேன். இல்லை, மனதாரத்தான் சொன்னான். வீடு, கார், வகுப்பு, மால், மறுபடி கார், வீடு. அவன் வாழ்க்கையில் எல்லா இடமும் இருபத்திரண்டுதான். வகுப்பு மொத்தத்தையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தினேன். "சார், பேரன்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. அப்படியே கம்ப்ளெயின்ட்டும் வந்தது.

நானும் விடவில்லை. இந்த ஊரில் கோடை வந்துவிட்டால் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கொதிக்கும். அதனால் எல்லா வீட்டிலும் கீசரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் ஆறிய அந்த கீசர் தண்ணீரைத்தான் பச்சைத் தண்ணீராக எடுத்துக் குளிப்பார்கள். வெந்நீர்க் குழாயில் குளிர்ந்த நீர், குளிர்நீர்க் குழாயில் வெந்நீர். வெப்பப் பரிமாற்றம் முழுவதையும் இந்த ஒரு குளியலறையை வைத்தே நடத்திவிடலாம். அவ்வளவு அழகான உதாரணம். நான் உற்சாகமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, விளக்கி முடித்துத் திரும்பினேன். "சார், இது எக்ஸாம்ல வருமா?" என்றான் அதே முன்வரிசைக்காரன். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே என் முன்தலை முடி போயிற்று.

சரி, தூசிக்கு வருகிறேன். ஏசியின் வெளிப்பகுதியைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். அறைக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தை அந்தத் தகடுகள் வழியாகத்தான் அது வெளியே தள்ளுகிறது. தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்தால் காற்று போகாது. கரண்ட் அதிகம் இழுக்கும், குளிர் குறையும். இது ரோலாவில் ஏசி ரிப்பேர் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குறைகிறது, எந்த வேகத்தில் குறைகிறது என்று முறையாக அளந்தவர்கள் குறைவு. வெளிநாட்டு ஆய்வகங்களில் மூட்டையில் விற்கிற தூளை வாங்கி ஊதி அளந்திருந்தார்கள். வளைகுடாத் தூசி அப்படிப்பட்டதல்ல. பாலைவனத்து மண் பவுடர் மாதிரி வந்து படியும். ராத்திரி கடல் ஈரம் உப்போடு வந்து அதை நனைக்கும். மறுநாள் வெயில் அதைச் சுடும். இப்படி மாதக்கணக்கில் நடந்தால் தோசைக்கல்லில் பிடிக்கிற கருகல் போலத் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். இதைத் தூவி உண்டாக்க முடியாது. காத்திருந்து வளர்க்கத்தான் முடியும். இதுதான் என் ஆராய்ச்சி.

ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். கல்லூரிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரே மாதிரி இரண்டு ஏசிகளைப் பொருத்தினேன். ஒன்றை வாராவாரம் நானே கழுவுவேன். இன்னொன்றை ஒருவரும் தொடக்கூடாது. அக்டோபரில் தொடங்கினேன். குளிர்காலம் முழுக்கத் தூசி படிந்தது. மார்ச்சில் மணல் காற்று வீசி, ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியபோது, நான் ஒருத்தன்தான் மாடிக்கு ஏறிப்போய்ச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜூலை, ஆகஸ்ட் உச்ச வெயிலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு அளந்தால் ஆய்வேடு முடிந்தது.

முடித்தே ஆகவேண்டிய கட்டாயமும் வந்துவிட்டது. வருகிற கல்வியாண்டிலிருந்து முனைவர் பட்டம் இல்லாதவர்கள் விரிவுரையாளராக இருக்க முடியாது என்று கல்லூரியில் புதுவிதி. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டால் போதும், சமர்ப்பிக்காதவர்கள் ஆய்வகப் பயிற்றுநர்களாக இறங்க வேண்டும். எங்கள் டீன் எகிப்துக்காரர், நல்ல மனிதர். தோளைத் தட்டி, "மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை, இந்தக் கோடையில் முடித்துவிடு, கலாஸ்" என்றார். ஊரிலிருந்த என் வழிகாட்டிப் பேராசிரியரோ, ஒரு முழுக் கோடையின் அளவு இல்லாமல் தாளைக் கையால் தொடமாட்டேன் என்று போனில் சொல்லிவிட்டார்.

இதில் ஒரு கொடுமை உண்டு. வளைகுடாவில் வெயிலை ஆராய்ச்சி செய்கிறவனுக்கு வெயில் மாதங்களில்தான் விடுமுறை. ஜூலை பிறந்தால் பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் பூட்டி, குடும்பம் குடும்பமாக ஊருக்குக் கிளம்பிவிடும். அந்த வருடம் என் மனைவியின் ஒரே தம்பிக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் வேறு. நான் வரவில்லை என்று சொன்னதும் வீட்டில் அடுப்பு எரியாமலே அனல் அடித்தது.

"தூசிக்குக் கல்யாணமா, என் தம்பிக்குக் கல்யாணமா?" என்றாள்.

"இந்த ஒரு கோடைதான். இதை விட்டா நான் லேப்ல ஸ்பேனர் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கணும்."

"எடுத்துக் குடுங்களேன். கல்யாணத்துல நாலு பேரு 'மாப்ள எங்க'ன்னு கேட்பாங்களே, அவங்களுக்கு நான் என்ன சொல்றது? மாடியில தூசிக்குக் காவல் இருக்காருன்னா?"

பதில் சொல்ல முடியாத கேள்விகளை அவள் எப்போதுமே சமையலறைக்குள் போய்க்கொண்டே கேட்பாள்.

காவல் என்று அவள் சொன்னதும் தப்பில்லை. இந்த நாட்டில் தூசியை வளர்ப்பது போலக் கஷ்டமான காரியம் வேறில்லை. எங்கே பார்த்தாலும் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். அழுக்குக் காருக்கு அபராதம் போடுவார்கள் என்று சொல்லிக்கொள்கிற ஊர். கல்லூரிப் பராமரிப்பு கான்டிராக்ட் கம்பெனி ஆட்கள் கண்ணில் பட்டதையெல்லாம் கழுவுவார்கள். அதனால் என் தூசி ஏசி மேல் ஒரு போர்டு வைத்தேன். தொடாதீர்கள், ஆராய்ச்சி நடக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அரபியில் டீன் எழுதிக் கொடுத்தார். இந்தியிலும் மலையாளத்திலும் நண்பர்களைக் கெஞ்சி எழுதி வாங்கினேன். கடைசியில் இருந்த இடத்தில், கொட்டை எழுத்தில், தமிழில் நானே எழுதினேன். கம்பெனி சூப்பர்வைசரைக் கூட்டிப்போய்க் காட்டிக் கும்பிடாத குறையாகச் சொல்லிவைத்தேன்.

அந்தக் கம்பெனியில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். முப்பது வயது இருக்கும். சோனாப்பூரில் தொழிலாளர் கேம்ப்பில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வந்து போவார். முதல் தடவை என்னை மாடியில் பார்த்தபோது, "சார் தமிழா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் மனைவிக்குத் திருச்சி என்று ஏதோ பேச்சில் சொல்லிவிட்டேன். அதோடு நான் அவருக்குச் சொந்தமாகிவிட்டேன். அன்றிலிருந்து கட்டடத்திலேயே குளிர் அதிகமான அறை என்னுடையது. யாரும் கேட்காமலே என் அறைக்கு வரும் குளிர்காற்றுக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டிருந்தார். குறைக்கச் சொன்னால், "இருக்கட்டும் சார், நமக்குள்ள என்ன" என்பார். வெயிலை ஆராய்ச்சி செய்கிறவன் அறைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் கடைசியில் கல்லூரிக்கு ஒரு ஆய்வுக்குழு வருவதாக அறிவித்தார்கள். அங்கீகாரம் கொடுக்கிற பெரியவர்கள். ஒரு வாரம் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்தார்கள், பெயின்ட் அடிக்க முடியாததைக் கழுவினார்கள். குழு வருவதற்கு முதல்நாள் மதியம், மனதில் ஏதோ உறுத்த, மாடிக்கு ஏறினேன்.

என் தூசி ஏசி பளபளவென்று இருந்தது. தகடுகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பிரஷர் பம்ப்பும் கெமிக்கல் கேனும் இருந்தன. நம்மவர் உட்கார்ந்து, வளைந்திருந்த தகடுகளைச் சின்னச் சீப்பால் ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டிருந்தார். நான் வாரம் ஒருமுறை கழுவிய ஏசிகூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. போர்டையும் துடைத்து, பத்திரமாகச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்.

"வாங்க சார்" என்று முகம் மலர எழுந்தார். "பாருங்க, புதுசு மாரி ஆக்கிட்டேன்."

நான் கத்தினேன்.

"போர்டு வெச்சிருந்தேனேய்யா! தமிழ்ல எழுதியிருந்தேனே! படிக்கலையா?"

"படிச்சேன் சார். அது மத்தவங்களுக்குத்தானே?"

"சூப்பர்வைசர் சொல்லலை?"

"தொடாதேன்னுதான் சொன்னாரு. அவருக்கென்ன சார், அவரு நம்ம ஆளா? நாளைக்குப் பெரிய ஆளுங்கள்லாம் வர்றாங்க. எல்லாரு மிஷினும் சுத்தமா இருக்கு, நம்ம சாரு மிஷின் மட்டும் இப்படிக் கெடந்தா நமக்குத்தானே அசிங்கம்? அதான் சாப்பாட்டு நேரத்துல வந்து செஞ்சேன்."

"அந்தத் தூசிதான்யா என் படிப்பு! எட்டு ஒன்பது மாசமா அதைத்தான் வளர்த்துக்கிட்டு இருந்தேன்!"

அவர் என்னையும் ஏசியையும் மாறி மாறிப் பார்த்தார். என் முகத்தில் இருந்த கோபம் புரிந்தது, காரணம் மட்டும் புரியவில்லை. கால்சட்டை முழங்கால் வரை நனைந்து, கையில் சீப்போடு நின்றார்.

"அழுக்கு வேணுமா சார்?" என்றார் கடைசியில். "வேணும்னா கீழேருந்து மண்ணு அள்ளியாந்து அடிச்சு உட்டுரவா?"

நான் மாடிச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளாதது அது சுட்டுக்கொண்டிருந்ததால்தான். போகட்டும், கழுவும்போது ஏசி ஓடிக்கொண்டிருந்திருந்தால், தூசி போனதும் என்ன மாற்றம் என்றாவது கருவிகள் பதிவு செய்திருக்கும். மனிதர் தொழில் தெரிந்தவர். முதல் வேலையாக மெயினை அணைத்திருந்தார்.

மறுநாள் குழு வந்தது. டீன் பெருமையாக மாடிக்கே கூட்டிவந்துவிட்டார். நான் படம் வரைந்து, தூசி எப்படிப் படிகிறது என்று விளக்கினேன். நரைத்த தலைப் பேராசிரியர் ஒருவர் மிகக் கவனமாகக் கேட்டுவிட்டு, மின்னிக்கொண்டிருந்த இரண்டு ஏசிகளையும் பார்த்து, "இதில் அழுக்கானது எது?" என்று கேட்டார். கைகாட்டினேன். அவர் தகட்டில் விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குழுவின் அறிக்கையில் ஆய்வகப் பராமரிப்பு மிகச் சிறப்பு என்று தனியாகப் பாராட்டியிருந்தார்களாம். "மாஷா அல்லா" என்று டீன் என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. கோடை வாசலில் நின்றது. கையில் தூசி இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினேன். தூசி எப்படி ஒட்டும், ஏன் அதைத் திரும்பச் செய்ய முடியாது, கழுவினால் ஏன் எல்லாம் போச்சு என்று பாடமே நடத்தினேன். வகுப்பில் யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. மனைவி அப்படிக் கேட்டாள். முடிவில், "அப்போ அந்தத் தம்பியைக் கன்னாபின்னான்னு திட்டிட்டீங்களா?" என்றாள். இவ்வளவு நேரம் சொன்னதில் அவளுக்குக் கிடைத்தது இதுதானா என்று எனக்கு எரிச்சல். "நம்ம ஊர்க்காரரு. ஆசையாச் செஞ்சிருக்காரு. வெள்ளிக்கிழமை சாப்பிட வரச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். வார விடுமுறை வெள்ளிக்கிழமையானால் சோனாப்பூர் கேம்ப் ஆட்கள் எப்படியும் ரோலாவுக்கு வருவார்கள். எங்கள் மெக்கானிக் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி ஆப்பிளோடு வந்தார். அக்கா அக்கா என்று என் மனைவி பின்னாலேயே பேசிக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்து, எங்கள் படுக்கையறை ஜன்னல் ஏசியின் சத்தத்தைக் கேட்டு, "என்னக்கா இது, ஆஸ்துமா வந்த மாரி இழுக்குது?" என்றார்.

"அதை ஏன் கேட்கிறீங்க? வந்த நாளா ஒரு தடவை கழுவினது கிடையாது. உங்க சாரு ஊருக்கெல்லாம் ஏசி பாடம் நடத்துவாரு. நானும் பொண்ணும் விசிறி வெச்சிக்கிட்டுப் படுக்கிறோம்."

"அப்பா, ரியலி ஹாட்டா இருக்கு" என்று மகளும் சேர்ந்துகொண்டாள்.

"இப்பவே கழுவிரட்டா அக்கா?" என்று அவர் எழுந்தார். நான் பாய்ந்து தடுத்தேன். இந்த இழுப்பைக் கேட்ட கணத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. மூன்று வருடமாகக் கழுவாத ஏசி. பின்பக்கம் கட்டடத்தின் இருட்டுச் சந்தில் இருக்கிறது. அன்று அவர் போனதும் ஜன்னல் வழியாகக் கண்ணாடியை நீட்டி, டார்ச் அடித்துப் பார்த்தேன். தகடே தெரியவில்லை. கம்பளி போர்த்தியது போல அப்படியொரு தூசி. மாடியில் நான் வளர்த்தது இதன் கால்தூசிக்குப் பெறாது. உலகத்திலேயே எனக்கு வேண்டிய பொருள் என் தலைமாட்டிலேயே இருந்திருக்கிறது.

திட்டம் போட்டேன். மனைவியும் மகளும் ஊருக்குப் போனதும் வீடு காலி. கருவிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒயர்களைப் பொருத்தி, கோடை முழுக்க அழுக்கோடு அளக்க வேண்டும். ஆகஸ்ட் நடுவில் கழுவிவிட்டு, சுத்தமான ஏசியை அளக்க வேண்டும். ஆய்வேடு முடிந்தது, விரிவுரையாளர் வேலை நிலைத்தது. இதை மனைவியிடம் சொல்லவில்லை. மாடியில் தூசி போய்விட்டதால் நான் கல்யாணத்துக்கு வந்துவிடுவேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் போல. ஒருநாள் கேட்டே விட்டாள். "இல்ல, வேற ஏற்பாடு பண்ணியிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். "என்ன ஏற்பாடு?" என்றாள். "அதெல்லாம் டெக்னிக்கல்" என்றேன். அவள் பார்வை என் மேலிருந்து படுக்கையறை ஏசிக்குப் போய்த் திரும்பியது. பிறகு, "சரி, ஏசியையாவது கழுவச் சொல்லிட்டுப் போகட்டுமா? தனியா இந்தச் சூட்டுல படுக்கணும் நீங்க" என்றாள். "வேண்டாம் வேண்டாம், நீ போயிட்டு வா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நான் சொன்ன வேகம் எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

அவர்கள் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அன்று காலை, கல்லூரியில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கருவிகளை எடுத்துவரப் போனேன். காவலாளியிடம் அனுமதிச் சீட்டுக்காக மன்றாடி, ஒயர்ச் சுருள்களையும் பெட்டிகளையும் காரின் பின்பக்கம் ஒளித்துவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, மூட்டை முடிச்சுகள் வாசலில் தயாராக இருந்தன. குளியலறைத் தரையில் சேறு மாதிரிக் கறுப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. பழைய பெட்டியைக் கழுவியிருப்பாள் என்று நினைத்தேன். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவள் விரட்டினாள். வழியெல்லாம் சாம்பார்ப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது, பால்காரருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தாள். விமான நிலையத்தில் மகள் கையசைத்தாள். மனைவி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டிகளைப் பிரித்து, படுக்கையறை முழுக்க ஒயரைப் பரப்பி, கடைசியாக ஏசியைப் போட்டேன்.

இழுப்பு இல்லை. சத்தமே இல்லை. ஜில்லென்று ஒரு காற்று வந்து என் முகத்தில் அடித்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த அறையில் அப்படி ஒரு காற்றை நான் அனுபவித்ததில்லை. கண்ணாடியை நீட்டிப் பார்த்தேன். தகடுகள் வரிசையாக, நேராக, சீப்பால் வாரியது போல நின்றன. யார் கைவேலை என்று கேட்கவே வேண்டாம். படுக்கையில் உட்கார்ந்து, யாரும் இல்லாத வீட்டில் வாய்விட்டுத் திட்டினேன். யாரைத் திட்டுவது என்று தெரியாததால் தகட்டைத் திட்டினேன், சீப்பைத் திட்டினேன், வெப்ப இயக்கவியலைக் கண்டுபிடித்தவர்களையும் திட்டினேன்.

திருச்சி போய்ச் சேர்ந்ததும் அவளே போன் செய்தாள்.

"ரூம் நல்லாக் குளிருதாங்க?"

"குளிருது" என்றேன். வேறென்ன சொல்வது?

அக்கம்பக்கத்து வீடுகளில் அழுக்கு ஏசி இல்லாமல் இல்லை. ஆனால் குடித்தனம் நடக்கிற வீட்டின் படுக்கையறையில் கோடை முழுக்க ஒயர் சொருக யார் விடுவார்கள்? ஜாடையாகக் கேட்ட ஒரே வீட்டிலும், என் மனைவி ஊருக்குப் போன ஏக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். கல்லூரி பூட்டியிருந்தது. ஊரும் காலி. அந்தக் கோடையில் அந்த நாட்டில் நான் இருப்பதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. டிக்கெட் போட்டேன்.

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் இணையதளத்தில் என் பதவியை ஆய்வகப் பயிற்றுநர் என்று மாற்றினார்கள். மூன்று பத்திகளில் நடுப்பத்தியை எடுத்தேவிட்டார்கள். ஒரு வருடம் முழுக்க, முன்வரிசைக்காரனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். அதுவும் எக்ஸாமில் வருமா என்று கேட்டார்கள். வயிறு எரிந்தது, மறைப்பதற்கில்லை. மறுபடியும் மாடியில் ஏசியை வைத்தேன். இந்தமுறை சுற்றிலும் கம்பிவலை அடித்துப் பூட்டுப் போட்டேன். சாவியை அறந்தாங்கிக்காரரிடமே கொடுத்தேன். நம்ம சார் தூசி என்று ஆனபிறகு அவர் ஒரு ஈயைக்கூட உள்ளே விடவில்லை. தினமும் வந்து, "இன்னிக்கு நல்லாப் புடிச்சிருக்கு சார்" என்று சேதி சொல்வார். அடுத்த கோடை வந்தது, அளவு வந்தது, பட்டமும் தாமதமாக வந்தது. நடுப்பத்தியைத் திரும்பப் போட்டார்கள், அதே புரியாத வார்த்தைகளில்.

ஆனால் அது எல்லாம் பிறகு. அந்த ஆவணியில் நான் திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். மச்சினன் தாலி கட்டி முடித்திருந்தான். "மாப்ள எங்க?" என்று யாரும் கேட்கவில்லை. எதிரிலேயே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படிக் கேட்பார்கள்? மின்விசிறிகள் சுடுகாற்றை அள்ளி அள்ளி எங்கள் மேலேயே போட்டன. பட்டுப்புடவையில் வியர்த்து வழிய, முகமெல்லாம் சிரிப்பாக, என் மனைவி பந்தியை மேற்பார்வை பார்த்தபடி வந்தாள். என் இலைக்கு எதிரே நின்றாள்.

அத்தனை நாளும் கேட்காமல் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேன். "அந்தத் தூசி எனக்கு எதுக்குன்னு உனக்குத் தெரியும்தானே?"

அவள் இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மகளின் தலையில் சரிந்த பூவைச் சரியாகக் குத்திவிட்டாள். பாயச வாளிக்காரரைக் கூப்பிட்டு, என் டம்ளரைக் காட்டினாள்.

"நீங்கதான் அதுல போர்டு எதுவும் வைக்கலையே" என்றாள்.